ஓய்வுக்குப் பிறகு 95 இலட்சம்: வெள்ளவத்தையில் இரண்டு பேருக்கு எத்தனை வருடம் போகும்?

ராமகிருஷ்ண வீதி:
வணக்கம். வரும் மாதம் தனியார் கம்பனி வேலையிலிருந்து ஓய்வு. எனக்கு 60, மனைவிக்கு 57. ஓய்வூதியம் இல்லை. பிளாட் சொந்தம், கடன் இல்லை, மூன்று அறை. மகன் வெளிநாட்டில், இடைக்கிடை காசு அனுப்புவான், நிரந்தரமாக நம்ப முடியாது.

கையில் வரப்போவது: ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 62 இலட்சம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 9 இலட்சம், பணிக்கொடை 14 இலட்சம் (கடைசிச் சம்பளம் 1,20,000, சேவை 24 வருடம்). வங்கியில் நிலையான வைப்பு 10 இலட்சம் கிடக்கிறது. ஆக 95 இலட்சம். பிளாட் பராமரிப்புக் காசு, மருந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,10,000.

ஒரு நிதிக் கம்பனி வங்கியை விட 2 வீதம் கூடத் தருகிறோம் என்று வீடு தேடி வந்து கேட்கிறது. மொத்தத்தையும் அங்கே போட்டு மாத வட்டியில் சீவிக்கலாமா? 2022இல் விலைகள் ஏறிய விதத்தை நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, முதலில் கசப்பான கணக்கு. அதைப் பார்த்தால்தான் நித்திரை வரும்.

உங்கள் வருடச் செலவு 13,20,000. 95 இலட்சத்துக்கு 8 வீதம் என்று வைத்தால் வருட வட்டி 7,60,000. முதல் வருடமே 5,60,000 முதலிலிருந்து எடுக்க வேண்டும். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 வீதம். செலவு அந்த வேகத்தில் ஏறினால் 95 இலட்சமும் ஏறக்குறைய 8 வருடத்தில் தீரும். அப்போது உங்களுக்கு 68, மனைவிக்கு 65.

இப்போது அந்த 2 வீதத்தைப் பாருங்கள். 8க்குப் பதில் 10 வீதம் கிடைத்தால் ஏறக்குறைய 9 வருடம் போகும். கூடக் கிடைப்பது ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. அதற்காக மொத்தக் காசையும் ஒரே இடத்தில் வைப்பது சரியல்ல.

செலவை 1,10,000இலிருந்து 80,000க்குக் கொண்டுவந்தால் 8 வருடம் ஏறக்குறைய 12 வருடமாகும். அதோடு மூன்றாவது அறையை 35,000க்கு வாடகைக்குக் கொடுத்தால் கையிலிருந்து போவது மாதம் 45,000 மட்டும். அதே 8 வீத வட்டி, அதே 5 வீதப் பணவீக்கம், வாடகையும் விலையோடு ஏறும் என்று வைத்தால் காசு 24 வருடத்துக்கு மேல் போகும். வெறும் வட்டி வீதத்தால் இது நடக்காது. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மூன்றாவது அறையும் 30,000 ரூபாச் செலவுக் குறைப்பும்தான்.

வெள்ளவத்தையில் அறைக்கு ஆள் தேடுவது கஷ்டமில்லை. படிக்கவும் வேலைக்கும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து வருகிறவர்கள் எப்போதும் தேடுவார்கள். கொடுக்க முன் பிளாட் முகாமைத்துவச் சபையின் விதிகளில் வாடகைக்குத் தடை இருக்கிறதா பாருங்கள். வாய்ப்பேச்சில் கொடுக்காமல் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். தண்ணீர், கரண்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

நிதிக் கம்பனி விடயம். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிக்கும் நிதிக் கம்பனிக்கும் வைப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் அது ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் வரைதான். அங்கே உங்களுக்கு நாலு வைப்பு இருந்தாலும் சேர்த்து 11தான். 95ஐ அங்கே போட்டால் 84 இலட்சத்துக்குக் காவல் இல்லை. 2020இல் ஒரு பழைய நிதிக் கம்பனியின் உரிமம் இரத்தானபோது ஓய்வுக்காசு முழுவதையும் அங்கே வைத்திருந்தவர்கள்தான் நொந்துபோனார்கள். கட்டாயம் போட வேண்டுமென்றால் வட்டியும் சேர்ந்து 11க்குள் நிற்கும்படி 10 இலட்சம். அதற்கு மேல் வேண்டாம். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முழு உத்தரவாதம் உண்டு. அங்கே வட்டி சற்றுக் குறைந்தாலும் அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

உரிமமே இல்லாமல் மாதம் 5 வீதம், 10 வீதம் தருகிறோம் என்பவர்களிடம் பேச்சுக்கே நிற்காதீர்கள். ஆள் சேர்த்தால் காசு என்று சொன்னால் அது பிரமிட் திட்டம். இந்த நாட்டில் அது வங்கிச் சட்டப்படி குற்றம்.

கே படிவம்:
மேலே உள்ள கணக்கோடு உடன்படுகிறேன். நான் ஈ.பி.எஃப். பக்கம் மட்டும் சொல்கிறேன், அங்கேதான் பெரிய தொகை இருக்கிறது.

ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 ஆனதும் வேலையிலிருந்து விலகி எடுக்கலாம் என்பதுதான் விதி. உடனே எடுத்தாக வேண்டும் என்று இல்லை. எடுக்கும்வரை நிதியத்திலேயே வட்டி சேரும். 2022க்கு 9 வீதம், 2023க்கு 13, 2024க்கு 11 வீதம் கொடுத்தார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது 2026 வரை 9 வீதத்துக்குக் குறையாது என்று அரசு சொன்னது. வங்கியில் 8 வீதத்துக்குப் போடவா 62 இலட்சத்தை அவசரமாக எடுக்கப் போகிறீர்கள்?

என் யோசனை: ஈ.டி.எஃப்., பணிக்கொடை, பழைய வைப்பு மூன்றும் சேர்த்து 33 இலட்சத்துக்குச் சற்று மேல். மாதம் 45,000 எடுத்தால் அது ஆறு வருடத்துக்கு மேல் போகும். அதுவரை 62 இலட்சம் 9 வீதத்தில் நின்றாலே 1 கோடியைத் தாண்டும். ஆனால் கவனம்: பிறகு எடுக்கும்போது மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும், மாதா மாதம் கிள்ளி எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும் வீதத்தைப் பாருங்கள். வங்கியை விடக் கீழே போனால் முடிவை மாற்றுங்கள்.

எடுப்பதைப் பின்போட்டாலும் ஆவணங்களை இப்போதே சரி செய்ய வேண்டும். கம்பனியில் ஆள் இருக்கும்போது ஒரு நாளில் முடிகிற வேலை, கம்பனி மூடிய பிறகு வருடக்கணக்கில் இழுக்கும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பீ அட்டையில் (ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டை) வேறு எழுத்து என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். நம்மவர்களுக்கு இது சரியான பொதுப் பிரச்சினை: தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா, முதலெழுத்து எத்தனை, ஆங்கிலத்தில் "ராஜா" கடைசியில் ஒரு எச் இருக்கிறதா இல்லையா. பெயர் திருத்தத்தைத் தொழில்தருநர் ஊடாகவே செய்யுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற சத்தியக் கடதாசியும் தேவைப்படலாம். சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிடுவது.

முன்பு வேறு கம்பனிகளில் வேலை செய்திருந்தால் அந்த அங்கத்துவ இலக்கங்களையும் தேடி ஒன்றாக்குங்கள். மறந்துபோன கணக்கில் காசு தூங்கிக் கிடக்கும். கடைசியாக வந்த கணக்குக் கூற்றை எடுத்து எல்லா மாதமும் உங்கள் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்து 20 வீதம் கட்டப்பட்டிருக்கிறதா என்று சம்பளத் துண்டுடன் ஒப்பிடுங்கள். இடையில் மாதம் விடுபட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தொழில்தருநர் மேலதிகக் கட்டணத்துடன் கட்ட வேண்டும். பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவர்) பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டவர்கள் பலர் அதை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள்.

எடுக்கும் நாளில் கே படிவம் (காசை மீளப்பெறும் விண்ணப்பம்), அடையாள அட்டை, பீ அட்டை, சேவை முடிந்த கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி. ஈ.டி.எஃப்.க்கு வேறு விண்ணப்பம், வேறு சபை. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. பணிக்கொடை அரை மாதச் சம்பளம் பெருக்கல் வருடம். 60,000 x 24 = 14,40,000. உங்களுக்கு 14 என்று சொல்லியிருக்கிறார்கள், 40,000 குறைகிறது. சுருக்கிச் சொன்னீர்களா, குறைத்துக் கணித்தார்களா என்று கேளுங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிப்படைச் சம்பளத்துடன் வாழ்க்கைச் செலவுப்படியும் கணக்கில் வரும், வேலை முடிந்து 30 நாளில் தர வேண்டும்.

ராமகிருஷ்ண வீதி:
ஈ.பி.எஃப்.ஐ விட்டு வைக்கலாம் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. பணிக்கொடைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், வாழ்க்கைச் செலவுப்படி சேர்க்கப்படவில்லை. நாளைக்குக் கேட்பேன். மிக்க நன்றி.

அப்போது 33 இலட்சத்தை எப்படிப் பிரிப்பது? செலவில் 30,000 குறைப்பது எங்கே? சாப்பாட்டில் கை வைக்க மனமில்லை.

கணக்குப்பிள்ளை:
3 இலட்சம் சேமிப்புக் கணக்கில், எப்போதும் எடுக்கக்கூடியதாக. 10 இலட்சம் உங்கள் பெயரில் ஒரு வருட வைப்பு: 2025 ஜூலையிலிருந்து 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 இலட்சம் வரை வழமையான ஒரு வருட வட்டிக்கு மேல் 3 வீதம் கூடுதலாக உண்டு. வருடத்துக்கு 30,000 ரூபா மேலதிகம். மனைவிக்கு இன்னும் மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

மிச்சம் 20 இலட்சத்தை ஐந்து ஐந்து இலட்சமாக நாலு துண்டாக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வையுங்கள். ஒரே வைப்பாக 20ஐப் போட்டு நடுவில் 2 இலட்சம் தேவைப்பட்டால் முழுவதையும் உடைக்க வேண்டும், சேர்ந்த வட்டியிலும் குறைப்பார்கள். துண்டாக இருந்தால் ஒன்று மட்டும் உடையும். வட்டி விழும்போதும் ஏறும்போதும் மொத்தக் காசும் ஒரே நாளில் அகப்படாது. 2023இல் 20 வீதத்துக்கு மேல் வைத்தவர்கள் முதிர்வுத் தேதியை மறந்ததால் வங்கி தானாகவே புதிய குறைந்த வீதத்தில் புதுப்பித்து விட்டது. கலண்டரில் தேதியைச் சிவப்பில் எழுதி வைத்து, ஒரு கிழமை முன்னதாகவே போய்க் கதையுங்கள்.

இரண்டு துண்டைத் திறைசேரி உண்டியலிலும் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) போடலாம். 91, 182, 364 நாள் என மூன்று வகை, வழமையாகப் புதன்கிழமை ஏலம், முதனிலை வணிகர் (அரச பத்திரங்களை ஏலத்தில் வாங்கி விற்பவர்) அல்லது வங்கி ஊடாக வாங்கலாம். வட்டி முன்னதாகவே கழிபடும்: விளைவு 8 வீதமென்றால் ஏறக்குறைய 92,600 கட்டி 364 நாளில் 1,00,000 எடுப்பீர்கள்.

வரி: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் முற்பண வரி பிடிக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு வருடம் 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. உங்கள் வட்டியும் வாடகையும் சேர்ந்தாலும் 7 இலட்சம் அளவுதான். டின் நம்பர் (வரி செலுத்துநர் இலக்கம்) எடுத்து ஒவ்வொரு வங்கியிலும் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். 33 இலட்சத்தின் வட்டியில் அது வருடம் 26,000 ரூபாவுக்கு மேல். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குவதால் வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்து பிடித்துவிட்டால் வருமான வரி விவரத்திரட்டுச் சமர்ப்பித்துத்தான் திரும்ப வாங்க வேண்டிவரும்.

வைப்புகளை இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காகவோ பின்னுரித்தாளர் பெயருடனோ வையுங்கள். பிறகு மனைவி நீதிமன்றத்துக்கு அலையக்கூடாது.

ஒசுசல வரிசை:
அண்ணா, 30,000ஐ சாப்பாட்டில் தேட வேண்டாம். மருந்திலும் கரண்டிலும் தேடுங்கள்.

மருந்துத் துண்டில் கம்பனிப் பெயர் இருந்தால் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். மெட்போமின் (சீனிக்கு), லொசாட்டன் (பிரஷருக்கு), அட்டோவாஸ்டாட்டின் (கொழுப்புக்கு) மூன்றும்தான் நம் வயதுக்காரர்களின் வழக்கமான மருந்துகள். ஒரே மருந்தே கம்பனிப் பெயரைப் பொறுத்துப் பல மடங்கு விலை வித்தியாசப்படும். அரச ஒசுசல பாமசியில் பொதுப்பெயரில் விலை கேட்டு ஒரு முறை ஒப்பிடுங்கள். அதை விட நல்லது அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிவது. வெள்ளவத்தைக்குக் களுபோவிலை பக்கம். மாத மருந்து இலவசம், இல்லாத மருந்துக்கு மட்டும் துண்டு எழுதுவார்கள். விடியப் போக வேண்டும், அரை நாள் போகும், ஆனால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் மிஞ்சும் குடும்பங்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்து வைத்தால் பல இடங்களில் முன்னுரிமை கிடைக்கும்.

காசு மிச்சப்படுத்த மருந்தைப் பாதியாக்கவே கூடாது. பிரஷர் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதால் மிஞ்சும் சில நூறு ரூபா, பாரிசவாதம் வந்தால் இலட்சங்களில் போகும். நேரம் எடுத்துக் கரையும் மெட்போமின் குளிசையை நசுக்கவோ கடிக்கவோ வேண்டாம். மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கும்.

கரண்ட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கூடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அதனால் 58இல் நிற்பதற்கும் 64இல் நிற்பதற்கும் பில்லில் வித்தியாசம் 6 யூனிட்டின் விலை அல்ல. 90, 120, 180 ஆகிய எல்லைகளும் முக்கியம். 3 கிலோவாட் சுடுநீர் ஷவரில் இரண்டு பேர் தலா 10 நிமிடம் குளித்தால் ஒரு யூனிட், மாதம் 30. அதை நிறுத்தினாலே பாதிப் போர் முடிந்தது. பழைய பிரிட்ஜைச் சந்தேகித்தால் இரவு படுக்கும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மீட்டரைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். எட்டு மணித்தியாலத்தில் ஒரு யூனிட் அளவு ஓடினால் கதவு ரப்பரைப் பாருங்கள்: ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுக்கும்போது தாள் லேசாக வந்தால் ரப்பர் போய்விட்டது. ரப்பர் மாற்றும் செலவு சிறிது. அறை வாடகைக்குக் கொடுக்கும்போது தனியாக உப மீட்டர் ஒன்று போடுங்கள், அவருடைய யூனிட்டால் பில் அடுத்த படிக்குப் போனால் அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது தெரியும்.

மரக்கறிக்கு நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம் கிழமைக்கு ஒரு தடவை போதும். பக்கத்துப் பிளாட்டாருடன் ஓட்டோவைப் பகிர்ந்தால் மிஞ்சும், தனியே போனால் ஓட்டோக் காசு லாபத்தைத் தின்றுவிடும்.

அந்திக் கரை:
நீங்கள் நித்திரை வரவில்லை என்று எழுதியதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். அந்தப் பயம் வீண் பயமல்ல. ஆனால் அதைத் தினமும் கிண்டக்கூடாது. கணக்கு பார்க்க ஒரு நேரம் வையுங்கள்: ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம், இரண்டு பேரும் மேசையில், ஒரு கொப்பி, அந்தக் கிழமையின் பில்கள். மற்ற ஆறு நாளும் வட்டி, டொலர் செய்தி பார்க்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்து மனைவிக்குத் தெரியாமல் இருப்பதும் நித்திரையைக் கெடுக்கும். எந்த வங்கி, எந்தத் தேதி, எந்தக் கோவை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் சுமை பாதியாகும்.

வேலைக்குப் போன நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். கம்பனிக் கணக்கு வைத்த அனுபவம் இருந்தால் சிறு கடைகளுக்குக் கிழமையில் இரண்டு நாள் கணக்கு எழுதலாம். சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கலாம். காசு வரும், அதைவிட யாரோ உங்களுக்காகக் காத்திருப்பார்கள். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடைதூரம். வெயில் ஏற முன் மெரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடந்தால் சீனி, பிரஷர் இரண்டுக்கும் நல்லது.

ஓய்வுக்காசு வந்த செய்தி பரவியதும் உறவுகள் வருவார்கள். கைமாற்றுக் கேட்டால் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் கொடுங்கள். பிணைக்கு ஒப்பம் மட்டும் வைக்காதீர்கள். கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் முழுக் கடனும் உங்கள் மேல் வரும். "எல்லாம் கூட்டுக் கணக்கில் இருக்கிறது, மனைவியைக் கேட்க வேண்டும்" என்றால் போதும், முகம் முறியாது. பிளாட்டை இப்போதே மகனுக்கு எழுதச் சொல்பவர்களும் வருவார்கள். எழுதினாலும் இருவருக்கும் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை பிளாட்டை அனுபவிக்கும் உரிமை) வைத்தே எழுதுங்கள், நொத்தாரிசிடம் வாசித்துக் காட்டச் சொல்லி.

ராமகிருஷ்ண வீதி:
மகன் அனுப்புவதை என்ன செய்வது? இதுவரை ரூபாவில் வந்து வீட்டுச் செலவோடு கலந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
செலவோடு கலக்காதீர்கள், வரும் என்று கணக்கிலும் எழுதாதீர்கள். மனைவியின் பெயரில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து மகனை அதற்கே டொலராக அனுப்பச் சொல்லுங்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. ரூபாவாக மாற்றி வைத்தவர் அந்த வித்தியாசத்தை இழந்தார். அந்தக் கணக்கு சத்திரசிகிச்சை, கண்புரை, பல் போன்ற பெரிய செலவுக்கு மட்டும். கணக்கு திறக்கும்போது மகன் அனுப்பும் வங்கியின் பெயரும் அவர் எந்த நாட்டில் வேலை என்பதும் கேட்பார்கள். தொலைபேசியில் இருந்தே அவரிடம் அந்த விபரத்தை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், இரண்டு தடவை அலைய வேண்டியதில்லை.